மஞ்சள் பிடி போட்ட கத்தி

போன வருஷம் இதே மாதிரி ஒரு குடியிருப்போர் சங்கக் கூட்டத்துல, ஒரு அம்மா எழுந்து என்னைக் கேட்டாங்க. "சார், பத்திரமா வச்ச பொருள் மட்டும் ஏன் சார் தேவைப்படும்போது கிடைக்கவே மாட்டேங்குது?"

சிரிக்கிறீங்க. அன்னைக்கும் எல்லாரும் சிரிச்சாங்க. முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தினவன் நான்... எனக்குப் பதில் தெரியல. அப்புறம் ஒரு நாள் பல்பு வாங்கப் போன கடையில அந்தப் பதில் கிடைச்சுது. அதை ஒரு சின்னக் கதையா சொல்லிடறேன், கேளுங்க.

ஓசூர்ல மின்சாமான் கடை வச்சிருக்கார் நல்லசிவம். திருநெல்வேலிக்காரர். அவருக்குக் குதிரைன்னா உயிர். மல்லின்னு ஒரு வெள்ளைப் பெண் குதிரை வளர்க்கிறார். அவரை மாதிரி எட்டுப் பேர் சேர்ந்து, வருஷத்துக்கு ஒரு முறை, அந்தக் காலத்துக் குதிரைவீரர் மாதிரி உடுத்திக்கிட்டு மூணு நாள் காட்டோரமா போய்த் தங்குவாங்க. பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, தோல் பையிலதான் தண்ணி. நைலான் கூடாது, பருத்திக் கயிறு. ஜிப் கூடாது, தோல் வாரை முடிச்சுப் போட்டுக் கட்டணும். படம் எடுக்க ஒருத்தர் கூடவே வருவார். அதனால எல்லாம் பழசா தெரியணும்!

கிளம்புற அன்னைக்குக் காலையில நல்லசிவம் சேணப் பையைக் கட்டறார். அவர்கிட்ட நல்ல கூர்மையான மடக்குக் கத்தி ஒண்ணு இருக்கு. ஆனா பிடி... பளீர்னு மஞ்சள். அந்தக் காலத்து வீரன் மஞ்சள் பிளாஸ்டிக் கத்தி வச்சிருப்பானா? துணியில சுத்தினார், பைக்கு அடியில போட்டார். அதுக்கு மேல மாவுப் பை, அதுக்கு மேல கம்பளி, எல்லாத்துக்கும் மேல செம்புப் பானை. வாரை இழுத்து ஏழு முடிச்சு. இடுப்புல வாள்! நாடகத்துக்குச் செஞ்ச வாள்... கத்தரிக்காய்கூட நறுக்காது.

குதிரைக்கு லாடம் அடிக்கிற சுலைமான் பாயும் அந்தக் கூட்டத்துல ஒருத்தர். அவர் கேட்டார்: "கத்தி எங்க அண்ணாச்சி?"

"பத்திரமா இருக்கு பாய்."

"கண்ண மூடிக்கிட்டு எடுங்க பாப்போம்."

"நான் என்ன வித்தை காட்டவா வந்திருக்கேன்? போம் பாய்!"

எல்லாரும் சிரிச்சாங்க. கிளம்பிட்டாங்க.

சாயந்திரம் நாலு மணி. ஓடைக்கரை. மழை தூறிக்கிட்டிருக்கு. மத்தவங்க விறகு தேடிப் போயிருக்காங்க. நல்லசிவம் மல்லியை ஒரு புங்க மரத்துல கட்டினார், சேணத்தை இன்னும் இறக்கல. கயிறு கொஞ்சம் நீளமா விட்டுட்டார். புதருக்குள்ள இருந்து படபடன்னு ரெண்டு கௌதாரி கிளம்பிச்சு...

மல்லி மிரண்டு சுத்துது. கயிறு பின்னங்காலைச் சுத்திக்கிச்சு. அது இழுக்க இழுக்க, நனைஞ்ச பருத்தி இறுகுது. தலை கீழே இழுபடுது, கால் மேலே இழுபடுது. குதிரைக்குக் கால் உடைஞ்சா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? பெரும்பாலும்... காப்பாத்த முடியாது. அது நல்லசிவத்துக்குத் தெரியும்.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நகம் பிஞ்சுது. வாளை உருவினார்! கயித்து மேல வச்சு அறுக்கிறார், அறுக்கிறார்... ஒரு நூல் அறுந்திருக்குமா? கத்தி? கத்தி இருக்கு. எங்க இருக்கு? உதைக்கிற குதிரையோட முதுகுல, ஏழு முடிச்சுக்குக் கீழ, பானைக்குக் கீழ, கம்பளிக்குக் கீழ, மாவுக்குக் கீழ... பத்திரமா இருக்கு!

ஒரு முடிச்சை அவிழ்த்தார். மல்லி துள்ளினதுல தூரப் போய் விழுந்தார்.

"பாய்! பாய்! மல்லி போச்சு பாய்!"

ஓடைக்கு அந்தப் பக்கத்துல இருந்து பாய் கத்தறார்: "வாளைத் தூக்கிப் போடுங்க அண்ணாச்சி! கழுத்தக் கட்டிப் பிடிங்க! பேசுங்க அதுகிட்ட, பேசுங்க!"

இவர் கழுத்தைக் கட்டிக்கிட்டு, "ஏட்டி மல்லி, நில்லுட்டி, அப்பா இருக்கேம்லா"ன்னு அழுகிறார். பாய் தண்ணியில ஓடி வர்றார். ஓடி வரும்போதே கை இடுப்புக்குப் போகுது... குளம்பு சீவுற சின்னக் கத்தி. ஒரே வெட்டு. கயிறு விட்டுது.

மல்லி மூணு கால்ல நிக்குது. நாலாவது கால் அந்தரத்துல. தோல் உரிஞ்சு ரத்தம். ஊன்றுமா? ரெண்டு நிமிஷம் ஆச்சு. அப்புறம் மெல்ல, மெல்ல... ஊன்றிச்சு.

பாய் திட்டல. கீழே கிடந்த வாளை எடுத்துக் கொடுத்து, "இந்தாங்க, தோசை திருப்ப ஆகும்"னார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில நல்லசிவம் அந்த மஞ்சள் கத்தியை நெஞ்சுக்கு நேரா வார்ல செருகிக்கிட்டு வந்து நின்னார். படம் எடுக்கிறவர், "சார், அந்த மஞ்சள் உறுத்துதே"ன்னார். இவர் சொன்னார்: "உறுத்தட்டும். எடும்வே."

அந்தப் படம் இன்னைக்கும் கடையில மாட்டியிருக்கு. பழைய கால வீரன் நெஞ்சுல பிளாஸ்டிக் கத்தி என்னங்கன்னு கேட்டேன். அப்பதான் இதைச் சொன்னார்.

அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான். நாம எல்லாருமே அப்படித்தான் மூட்டை கட்டறோம். பாக்கறவங்களுக்குப் பிடிச்சது மேல, உயிரைக் காக்கிறது அடியில. அப்பாவோட நெஞ்சுவலி மாத்திரை எங்க இருக்கு? பீரோவுல, பட்டுப்புடவைக்கு அடியில. ஏன்? கூடத்துல வச்சா நல்லா இருக்காதாம்! வெளியில தெரியாம வச்சதைத்தான் நாம பத்திரம்னு சொல்லிக்கிறோம். ஆனா அவசரத்துக்குக் கண் தெரியாது, கைதான் தேடும். அந்தக் கைக்கு எட்டினாத்தான் அது பத்திரம்.

வீட்டுக்குப் போனதும் ஒண்ணே ஒண்ணு செய்ங்க. அவசரத்துக்கு வேணும்கிற ஒரு பொருளை, கண்ணை மூடிக்கிட்டு, பத்து எண்ணி முடிக்கிறதுக்குள்ள எடுத்துப் பாருங்க.