தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்

கோழி இளைப்பது கண்ணுக்குத் தெரியாது மாப்பிள்ளை. இறகு மூடிவிடும். ஓடும், கொத்தும், மற்றதோடு சண்டைக்குப் போகும்; பார்க்கிறவர்களுக்கு நல்ல கோழிதான். கையில் தூக்கிப் பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும். நெஞ்செலும்பு கத்தி மாதிரி உள்ளங்கையில் படும். உங்கள் அத்தைக்கு அப்படி ஒரு கை. தூக்கிய மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

சற்று முன் நீங்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டீர்கள். "குழாய் சொட்டுதே மாமா, வாஷரை மாத்திடட்டுமா?" என்பது ஒன்று. கை கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "பாப்பா காய்ச்சல்ல கெடந்தப்ப அத்தை ஏன் மாமா வரலை?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அத்தை உள்ளே உங்கள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள், அவள் வர நேரமாகும். இப்படி உட்காருங்கள். குறுக்கே பேசாமல் கேட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும்.

இந்தக் கோழிகள் என் பெண் பாப்பாவுடையவை என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் குஞ்சுகளாக வாங்கி வந்து, அட்டைப்பெட்டிக்குள் பல்பு போட்டு வளர்த்தாள். உங்களோடு கிளம்பிய அன்று அழுகையெல்லாம் கோழிகளுக்குத்தான், எங்களுக்கு இல்லை. "செவலைக் கோழியைப் பாத்துக்கோம்மா" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனாள். அதனால் உங்கள் அத்தைக்கு இவை வெறும் கோழிகள் இல்லை. பெண் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன பொறுப்பு. அதை நான் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தேன். புரிந்துகொள்ளாமல் இருந்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும்.

பிரசவத்துக்கு அத்தை உங்கள் வீட்டுக்கு வந்தாள் அல்லவா? குழந்தை பிறக்கும்வரை இருந்தாள், இன்னும் சில மாதம் இருப்பதாகத்தான் பேச்சு. இங்கே நான் தனியாக இருந்தேன். எனக்குச் சமைக்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும், அதெல்லாம் பிரச்சினை இல்லை. வேலையில் இருந்த காலம் முழுக்கத் தெருத்தெருவாகக் குழாய் மாட்டினவன், யாராவது ஒருவர் என்னைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள், அதுவே பேச்சுத்துணை. ஓய்வு பெற்ற பிறகு திட்டுவதற்கு அவள் ஒருத்திதான். அவள் இல்லாத வீட்டில் நான் ஒரு நாற்காலி மாதிரிக் கிடந்தேன். இதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "இந்த வயசுல என்னங்க கொஞ்சல்?" என்பாள்.

அந்தச் சமயத்தில் ஒரு கோழி செத்துப்போனது. அதில் என் கை எதுவும் இல்லை, நம்புங்கள். மழை பெய்து கொல்லை முழுக்கச் சொதசொதவென்று இருந்தது. ஃபோனில் சொன்னேன். அவ்வளவுதான், அடுத்த வண்டியைப் பிடித்து வந்து நின்றாள். வந்ததும் வராததுமாக ஒவ்வொரு கோழியாகத் தூக்கிப் பார்த்தாள். "என்னங்க இது, தீனி தின்னுதுங்க, உடம்புல ஒண்ணுமே இல்லையே! கண் என்ன புடனியிலயா இருந்துச்சு உங்களுக்கு?" என்று திட்டினாள். எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

பாப்பாவிடம் அன்றைக்கே ஃபோனில் சொன்னாள். "ரெண்டு நாள்ல சரிபண்ணிட்டு வந்துடறேன் கண்ணு." இரண்டு நாள் போதும் என்று அவள் மனதார நம்பினாள்.

செவலையைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது நான்தான். டாக்டரம்மா எச்சத்தைப் பார்த்துவிட்டுக் குடல்புழு என்றார். தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தார். "ஈர மண்ணுல மேய விடாதீங்க பெரியவரே. மண்புழு தின்ன விடாதீங்க, அதுலேர்ந்துதான் இதுங்க வயித்துக்குள்ள போகுது. முக்கியமா, மருந்துத் தண்ணியைத் தவிர வேற தண்ணி கண்ணுல படக்கூடாது" என்றார். அக்கறையான பெண். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, மருந்தை மட்டும் அத்தையிடம் கொடுத்தேன்.

அவள் காலையில் சட்டியில் மருந்தைக் கலந்து வைப்பாள். கோழிகள் ஒரு வாய் வைத்துவிட்டு, தலையை உதறிக்கொண்டு நேராக இந்தக் குழாயடிக்குப் போகும். இங்கே இந்தத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர் தேங்கி நிற்கும். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "ஊருக் குழாயெல்லாம் இவர் மூடுனாராம், நம்ம வீட்டுக் குழாய் மட்டும் அழுதுக்கிட்டே கெடக்குது" என்று அவள் தினமும் சொல்வாள். நாளைக்குப் பார்க்கிறேன் என்பேன். வாஷர் என் சட்டைப்பையிலேயே இருந்தது. அவள் குளிக்கப் போகும் நேரத்தில், அந்த ஈர மண்ணை மண்வெட்டியால் கொஞ்சம் புரட்டிவிடுவேன். என்னைக் கண்டாலே கோழிகள் ஓடி வரும். செவலை என் காலில் ஏறியே நிற்கும். மண்புழு என்றால் அதற்கு உயிர்.

நான் செய்தது இவ்வளவுதான். ஒரு குழாயை மூடவில்லை, கொஞ்சம் மண்ணைப் புரட்டினேன். பார்த்தீர்களா, எவ்வளவு சின்னதாகச் சொல்லிவிட்டேன். தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது இன்னும் சின்னதாகிவிடும். கோழிகள் கொண்டை வெளுத்து, இறகுக்குள்ளேயே கரைந்துகொண்டிருந்தன. அத்தை கட்டி வைத்த பையைப் பிரித்து ஒரு சேலையை எடுப்பாள், மறுநாள் இன்னொன்று. நானும் அவளுமாகக் கோழிகளைப் பற்றிப் பேசினோம். இத்தனை வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசினது இல்லை. நான் சந்தோஷமாக இருந்தேன் மாப்பிள்ளை. அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வதில் அர்த்தம் இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அத்தையின் ஃபோன் சமையலறை அலமாரியிலேயேதான் கிடக்கும். அன்று மத்தியானம் அது அடித்தது. அத்தை இதே கல்லில், செவலையை மடியில் வைத்து, வாயைத் திறந்து சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள்.

"அம்மா எங்கப்பா?"

"கோழிக்கு மருந்து குடுத்துக்கிட்டிருக்காம்மா."

"செவலை எப்படிப்பா இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டாள். பிறகுதான், "எனக்குக் குளிர் தூக்கித் தூக்கிப் போடுதுப்பா. அடிவயிறு வேற வலிக்குது. அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றாள். பல் அடிப்பது எனக்குக் கேட்டது.

அம்மாவைக் கூப்பிடக் கதவைத் திறந்தால் போதும். பத்தடி தூரம்கூட இல்லை. ஆனால் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மடியில் இருந்த கோழியை அப்படியே கீழே விட்டுவிட்டு, கட்டிய சேலையோடு கிளம்பிவிடுவாள். இந்த முறை திரும்பி வர மாட்டாள்.

"பால் கட்டியிருக்கும்மா. அதுக்குக் காய்ச்சல் வரத்தான் செய்யும். வெந்நீர் ஒத்தடம் குடு, படுத்துத் தூங்கு. நான் அம்மாகிட்டச் சொல்லிடறேன்."

"சரிப்பா" என்றாள். நான் சொன்னதை அவள் எப்போதும் நம்புவாள்.

"யாருங்க ஃபோன்ல?" என்று அத்தை வெளியிலிருந்து குரல் கொடுத்தாள். தவறான நம்பர் என்றேன். அழைப்பு வந்த தடம் ஃபோனில் இருந்தது. அதையும் அழித்துவிட்டேன்.

அப்புறம் நடந்தது என்னைவிட உங்களுக்குத் தெரியும். மறுநாள் நீங்கள் வேலை முடிந்து கதவைத் தட்டியபோது அவளால் எழுந்து வர முடியவில்லை. கர்ப்பப்பையில் சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டது, முதல் நாளே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு, "நான் லீவு போட்டிருக்கணும் மாமா" என்று என் தோளில் சாய்ந்து அழுதீர்கள். நான் உங்கள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். உங்கள் அத்தை என்ன சொன்னாள் தெரியுமா? "நான் ஒரு தடவை அவ நெத்தியில கைய வச்சிருந்தா போதுமே, எனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றாள். நிச்சயமாகத் தெரிந்திருக்கும். அந்தக் கையை இங்கே பிடித்து வைத்திருந்தவன் நான். உங்கள் பெண்டாட்டியை, என் பெண்ணை, நான்தான் கொன்றேன்.

ஊர் திரும்பிய மறுநாள் முதல் வேலையாகக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். மண்ணைக் காயப்போட்டேன், மருந்தைச் சொன்னபடி கொடுத்தேன். கோழிகள் தேறிவிட்டன. செவலை முட்டையிட ஆரம்பித்தது. அத்தை அதைத் தூக்கிப் பார்த்து, "இப்பத்தான் உடம்பு வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் இந்தக் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இனி ஒருநாளும் அப்படிச் செய்ய மாட்டேன் என்று அன்றைக்குப் பாப்பாவிடம் மனதுக்குள் சத்தியம் செய்தேன்.

நீங்கள் அத்தையை அழைத்துப் போக வந்தது நியாயம்தான். தாயில்லாத குழந்தை, பாட்டி கூட இருப்பதுதான் சரி. பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள், பார்த்தேன். நான் தடுக்கவில்லை. அவளிடம் இதையெல்லாம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். எனக்கு மனசுப் பாரம் இறங்கிவிட்டது. இப்போது நான் பழைய ஆள் இல்லை.

குழாயை விடுங்கள், நீங்கள் கை வைக்க வேண்டாம். நீங்கள் வருவதாகப் போன வாரம் ஃபோன் செய்தீர்கள் பாருங்கள், அதற்கப்புறம்தான் மறுபடி சொட்ட ஆரம்பித்தது. பழைய குழாய், அப்படித்தான் இருக்கும். நானே பார்த்துக்கொள்கிறேன். இன்னும் ஒரே ஒரு விஷயம். கிளம்புவதற்கு முன்னால் செவலையை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் அத்தையை. அது தீனி நன்றாகத்தான் தின்கிறது. ஆனால் இளைத்த மாதிரி இருக்கிறது.