பேரிங் நெஞ்சுக்காரர்

இரவு ஒன்பது மணி. திருப்பரங்குன்றத்திலிருந்து பழங்காநத்தம் வருகிற ரோடு. எண்பத்து மூணாம் வருஷத்தில் அங்கே இவ்வளவு வீடு ஏது? ஒரு பக்கம் கண்மாய்க்கரை, மறுபக்கம் கருவேலங்காடு. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் ஒரே ஒரு சைக்கிள்... ஆள் வந்தாரா, வரவில்லையா என்பதுதான் கதையே.

கரண்ட் வருகிறவரைக்கும் சொல்கிறேன். சிரிக்கிறவன் இப்பவே எழுந்து போய்விடலாம்.

விருமாண்டி என்கூட மில்லில் வேலை பார்த்தவன். அவன் அக்கா அன்னக்கொடி. அவள் புருஷன் காசிமாயனுக்குத் திருப்பரங்குன்றத்தில் சைக்கிள் கடை, வீடு பழங்காநத்தத்தில். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் மனுஷனுக்கு. சின்ன வயதில் வந்த காய்ச்சல் நெஞ்சுக்குள் ஒரு வால்வைத் தின்றுவிட்டதாம். மெட்ராஸுக்குப் போனார்கள்.

டாக்டர் மேஜையில் இரண்டு வால்வை எடுத்து வைத்தார். ஒன்று பன்றியுடையது. சத்தம் கிடையாது, பெரிதாக மருந்தும் வேண்டாம். ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் தேய்ந்துவிடும், மறுபடியும் நெஞ்சைத் திறக்கணும். இன்னொன்று உலோகம். ஆயுசுக்கும் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை, மாசா மாசம் ரத்தப் பரிசோதனை. மாத்திரையை விட்டால் ரத்தம் கட்டி வால்வு அப்படியே நின்றுபோகும்.

"பன்னியே இருக்கட்டும். சத்தமில்லாம கெடக்கும்" என்றாள் அன்னக்கொடி.

"நீ சும்மா இரு. இரும்பப் பத்தி எனக்குத் தெரியும். பேரிங் மாதிரிதான். ஒருக்கா மாட்டுனா ஓடிக்கிட்டே கெடக்கும்" என்றார் காசிமாயன்.

மாட்டினார்கள். ஓடியது. மூச்சு வாங்கல் போச்சு. ஆனால் சத்தம்... டிக். டிக். டிக். பகலில் கடைச் சத்தத்தில் தெரியாது. ஊர் அடங்கினால் போதும், சட்டைக்குள்ளிருந்து கிளம்பிவிடும். அன்னக்கொடிக்குத் தூக்கம் போனது. காதில் துணியை அடைத்துக்கொண்டு படுப்பாள். அப்புறம் துணியை எடுத்துவிட்டு, சத்தம் இருக்கிறதா என்று கேட்பாள். இப்படியும் ஒரு பிழைப்பா?

கூத்து என்னவென்றால், அச்சு அசல் பல்லி சத்தம். காசிமாயனின் தங்கச்சி மகளைப் பெண் பார்க்க வந்தபோது, "பையன் குடிக்கவே மாட்டான்" என்றார்கள். சபை சரவெடியாய்ப் பேசிக்கொண்டிருந்தது. ஒரு கிழவி மட்டும், "குடிப்பான்னு கேள்விப்பட்டேனே" என்று முனகினாள். சபை கப்சிப். டிக் டிக் டிக்... பல்லி சொல்லிவிட்டது! அத்தனை பேரும் விரலால் தரையைத் தட்டினார்கள். சம்பந்தம் முறிந்தது. அடித்தது பல்லி இல்லை, அண்ணன் நெஞ்சு என்று தெரிந்ததும் தங்கச்சி அதோடு அண்ணன் வீட்டுப் படியேறவில்லை.

மனுஷன் நொந்து போனார். சவரம் பண்ணினால் ரத்தம் நிற்காது. பல் விளக்கினால் ரத்தம். கீரை தின்னாதே, ஊசி போடாதே. மாசா மாசம் பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்று கால் கடுக்கும். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கத்தினாராம்.

"நெஞ்சுக்கு வால்வு, வால்வுக்கு மாத்திரை, மாத்திரைக்கு டெஸ்ட்டு! நான் மனுசனா, லாரியா?"

அன்றிலிருந்து மாத்திரையை விட்டுவிட்டார். ஊரிலிருக்கிற சைக்கிளுக்கெல்லாம் எண்ணெய் விடச்சொல்லித் திட்டுகிற ஆள்!

தினமும் ராத்திரி அவர் வந்ததும் அன்னக்கொடி கேட்பாள். "மாத்திரை போட்டீகளா?" "கடையிலயே போட்டேன்." உடனே டிக். அவள் விரல் தானாகத் தரையைத் தட்டும். அவர் நெஞ்சுதான் அடிக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம்... சத்தம் கேட்டதும் மனசு நம்பிவிடும். அந்த டிக்கை நம்பித்தான் கெட்டாள்.

ஐப்பசி மாசம். அடைமழை. அன்றைக்கு, அவர் மாத்திரை வாங்க மறந்துவிடுவார் என்று அவளே ஒரு புது அட்டை வாங்கிவந்து மாடத்தில் வைத்திருந்தாள். பிரிக்காத அட்டை.

ஒன்பதரை மணிக்கு வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம். 'ணங்'. கதவு திறந்தது. பஞ்சர் ஒட்டுகிற ரப்பர் சொலூஷன் வாடை... கூடவே கண்மாய்ச் சேற்று வாடை. விளக்கு அணைந்திருந்தது. அவள் பாயில் படுத்தபடியே கேட்டாள்.

"மாத்திரை போட்டீகளா?"

ஈர வேட்டியைப் பிழிகிற சத்தம்.

"இல்ல அன்னக்கொடி. இனிமேத்தான் போடணும்."

தட்டுவதற்கு விரலைத் தூக்கினாள். சத்தம் வரவில்லை. மழை இரைச்சலில் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தாள். பானையில் தண்ணீர் மொள்ளும் சத்தம். டம்ளர் வைக்கும் சத்தம். பக்கத்துப் பாயில் ஆள் படுத்தது. மழை விட்டது. அப்போதும் சத்தமில்லை... அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அயர்ந்து தூங்கினாள். அதைச் சொல்லிச் சொல்லித்தான் பின்னால் தலையில் அடித்துக்கொண்டாள்.

விடியக்காலையில் விருமாண்டி கதவை இடித்தான். வாசலில் ஒரு மாட்டுவண்டி. வண்டியில் கோணிச் சாக்கு மூடிய உடம்பு.

"அக்கா... மச்சான் கண்மாய்க்கரையில கெடந்தாருக்கா. சாயங்காலம் இருட்டுறப்பவே சைக்கிளோட சாஞ்சிட்டாராம். டீக்கடைக்காரரு பாத்துட்டு எனக்கு ஆளனுப்பிருக்காரு. மழையில வண்டி கெடைக்கலக்கா."

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? அவரு ராத்திரியே வந்துட்டாக. உள்ள படுத்திருக்காக பாரு."

விருமாண்டி உள்ளே போனான். பாயில் ஆளில்லை. ஆள் படுத்த அளவுக்கு ஈரம் மட்டும் இருந்தது. மாடத்தில் அட்டை பிரிந்து, ஒரு மாத்திரை குறைந்திருந்தது. அன்னக்கொடி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"போட்டுட்டாருடா தம்பி... நேத்துத்தான்டா போட்டிருக்காரு."

வாசல் வண்டியில், சாக்குக்கு அடியிலிருந்து... டிக்.

அக்காவின் விரல் தரையைத் தட்டியதாம்.