ஏழாம் நம்பர்

இப்போதெல்லாம் சாமியைத் தேடுவதற்குக்கூட விமானத்தில் போகிறார்கள். லேக் கார்டன்ஸில் என் சிநேகிதன் கோபுவின் மகள் வசந்தி வீட்டுக்கு எதிர் ஃப்ளாட்டில் நரேன் என்று ஒருத்தன். போன வருஷம் ஏதோ தீவில், காட்டுக்குள் பத்து நாள் தியானம் செய்துவிட்டு வந்தான். காட்டுக்குள்ளேயே குழாயில் வெந்நீர் வந்ததாம். கண்ணை மூடி உட்கார்ந்த மாதிரி தினம் ஒரு படம் போனில் போட்டான். எல்லாரும் கண்ணை மூடியிருந்தால் படம் எடுத்தது யார் என்று கேட்டேன். "தாதூ" என்று வங்காளியில் தாத்தா முறை சொல்லித் தோளைத் தட்டிச் சிரிக்கிறான்.

நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். யார் சொல்வதையும் சட்டென்று நம்பமாட்டேன். ஆனால் நானும் ஒரு தரம் காட்டுக்குப் போயிருக்கிறேன். அங்கே வெந்நீர் வரவில்லை.

அது எழுபத்து நாலாம் வருஷம். கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் வேலையில் நான் வெல்டருக்குக் கையாள். கோபு ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. ஜகதாம்பாள் என்று மனைவி, வசந்தி என்று கைக்குழந்தை. எல்லாம் இருந்தும் அவனுக்கு ஒரு குரு வேண்டியிருந்தது. மணிப்பூர் எல்லையில் மோரே என்று ஓர் ஊர். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் அங்கே கடை வைத்திருந்தார்கள். அப்படி ஒரு கடைக்காரன் சரக்கெடுக்க வந்தபோது சொன்னான், எல்லைக்கு அந்தப் பக்கம் பர்மாக் காட்டில் ஒரு தமிழ்ச் சாமியார் இருக்கிறார், எதிரே உட்கார்ந்தாலே மனசு அடங்கிவிடும் என்று.

நான் நம்பவில்லை என்றேன்.

"நம்பாதவன் ஒருத்தன் கூட வரணும்டா பரமு. ரெண்டு பேரும் நம்பிட்டா, வீட்டுக்கு யார் திரும்பி வரது?" என்று கோபு சிரித்தான்.

ஒரு மாதம் கழித்து நான் மட்டும் திரும்பி வந்தேன். கோபுவுக்குக் குரு கிடைத்துவிட்டார், காவி கட்டவில்லை, உத்தரவு வந்ததும் வந்துவிடுவான் என்று சொன்னேன். அவன் அப்பா லக்ஷ்மிநாராயணன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஜகதாம்பாள் ஒன்றுதான் கேட்டாள்.

"கடைசியா என்ன சொன்னார் அண்ணா?"

"குழந்தையை நல்லாப் படிக்க வைக்கச் சொன்னான்மா."

சொல்லும்போது நல்ல வார்த்தையாகத்தான் பட்டது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அங்கேதான் சாப்பாடு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரசம் விடும்போது அதே கேள்வியைக் கேட்பாள். நானும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். சாமியார் அவன் தலையில் கை வைத்தது, ஒரு மான் பக்கத்தில் வந்து நின்றது. மான் வரும் இடத்தில் கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிடுவாள்.

ஏழு வருஷம் ஆனதும் ரயில்வேயிலிருந்து ஒரு தாள் வந்தது. புருஷன் இறந்தவன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அவளுக்கு அங்கே வேலை. தாளை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் மோரை ஊற்றிச் சாப்பிட்டேன். அவள் கையெழுத்துப் போடவில்லை. இட்லி மாவு அரைத்து விற்றாள். வங்காளிப் பெண்கள் "மாஷிமா, மாஷிமா" என்று சித்தி மாதிரி கூப்பிட்டுக்கொண்டு பாத்திரத்தோடு வாசலில் நிற்பார்கள். வசந்தி படித்தது அந்த மாவில்தான்.

பன்னிரண்டு வருஷம் ஒருத்தனைப் பற்றித் துப்புத் தெரியாமல் போனால், தர்ப்பையில் உருவம் கட்டி எரித்துக் காரியம் செய்துவிடுவது அவர்கள் வழக்கம். கோபுவின் அப்பா, பெரியவர், நாள் குறித்துவிட்டார். முந்தின நாள் நான் கரியாஹாட் நடைபாதையில் ஒரு ருத்திராட்சம் வாங்கினேன். கோபு மோரேக்காரன் ஒருத்தனிடம் கொடுத்தனுப்பினான் என்று சொல்லி அவள் கையில் வைத்தேன். காரியம் நின்றது. "கொள்ளி வைக்கவாவது வருவானா பரமசிவம்?" என்று கேட்டுக் கேட்டே பெரியவர் போய்ச் சேர்ந்தார்.

இதில் யாருக்கு என்ன கெட்டுவிட்டது? ஐம்பது வருஷம் ஒரு பெண்ணைப் பூவும் பொட்டுமாக வைத்திருந்தவன் நான்.

போன மாதம் ஜகதாம்பாள் செத்துப்போனாள். சுமங்கலியாகவே அனுப்பினார்கள். அந்த ருத்திராட்சத்தைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை.

பிறகு வசந்தி என்னைக் கூப்பிட்டாள். கையில் சாமான் பட்டியல்.

"அப்பாவுக்கும் காரியம் பண்ணிடப் போறேன் மாமா. அம்மா இருந்தவரைக்கும் விடலை. அஷ்வத்தான் பண்றான், பேரனாச்சே. தானத்துக்குக் குடை, செருப்பெல்லாம் வாங்கணும். செத்தவா போற வழி முழுக்க முள்ளுன்னு காரியம் பண்ணிவைக்கிற வாத்தியார் சொல்றார். அப்பா கால் அளவு யாருக்குத் தெரியும், ஏதோ ஒண்ணு..."

"ஏழு" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அம்மாவுக்கே தெரியாதே மாமா. உங்களுக்கு எப்படி?"

"கூட வாங்கப் போனேன்மா."

போகவில்லை. என் கால் எட்டு. அதனால்தான் ஏழு மறக்கவில்லை.

ஆறு நாள் நடந்தோம். சாமியார் இருந்ததாகச் சொன்ன இடத்தில் கூரை விழுந்த மூங்கில் குடிசை ஒன்று, உள்ளே கறையான். கோபு அதற்கு எதிரேயே இரண்டு நாள் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் இரண்டு பேருக்கும் மலேரியாக் காய்ச்சல். மோரேயில் வாங்கிய மாத்திரை பத்து இருந்தது. பங்கு போட்டால் யாருக்கும் போதாது. அவன் எழுந்து உட்காரவே முடியாமல் கிடந்தான், நான் எப்படியோ நின்றேன். நடக்கக்கூடியவனிடம் மாத்திரை இருப்பதுதானே நியாயம். என் செருப்பு சேற்றில் அறுந்துவிட்டிருந்தது. அவன் காலிலிருந்து கேன்வாஸ் ஷூவைக் கழற்றினேன். அப்போது கண்ணைத் திறந்தான்.

"ஷூவை மட்டும் விட்டுட்டுப் போடா பரமு. ஜுரம் விட்டா பின்னாடியே வந்துடறேன்."

ஜகதாம்பாள் ஐம்பது வருஷம் என்னிடம் கேட்டது இந்த வார்த்தையைத்தான்.

ஷூ கடித்தது. குதிகால் தோல் உரிந்துவிட்டது. அதோடுதான் நடந்தேன்.

மறுநாள் காலையில் மரம் வெட்டுகிற பர்மாக்காரர்கள் இரண்டு பேர் எதிரே வந்தார்கள். சோறு கொடுத்தார்கள். நான் வந்த பாதையைக் காட்டி, இன்னும் ஆள் உண்டா என்று கையாலேயே கேட்டார்கள். அவர்கள் நடைக்குச் சாயங்காலத்துக்குள் அந்தக் குடிசைக்குப் போய்விடலாம். நான் ஒரு விரலைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டேன்.

கோபு வந்திருந்தால் மாத்திரையைச் சொல்லியிருப்பான், ஷூவைச் சொல்லியிருப்பான். ஊரில் சோறு தின்றுவிட்டுக் கேட்கிறவர்களுக்குக் காட்டில் நடந்த நியாயம் புரியாது.

நேற்று கங்கைக் கரையில் காரியம் நடந்தது. தர்ப்பையில் கட்டிய உருவம் ஒரு முழம்கூட இல்லை. அஷ்வத் நெருப்பு வைத்தான். வசந்தி புதுச் செருப்பை எடுத்தவள், வாத்தியாரிடம் கொடுக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கிளம்பறச்சே அப்பா கால்ல என்ன இருந்தது மாமா?"

அம்மாவின் கண்தான் அவளுக்கு. என் பார்வை என் கால் பக்கம் போயிற்று. அவளும் அங்கேயே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இனிமே ஞாயித்துக்கிழமை வராதேங்கோ" என்றாள்.

என் செருப்பை மாட்டிக்கொண்டு படியேறி வந்துவிட்டேன். பின்னால் மந்திரம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு பிடி புல்லை எரித்துவிட்டால் ஒருத்தன் செத்தவனாகிவிடுவானா? கோபு செத்ததை இவர்களில் யார் பார்த்தார்கள்? நான் கடைசியாகப் பார்த்தபோது அவன் உயிரோடுதான் இருந்தான். ஐம்பது வருஷமாக நான் சொன்னதும் அதைத்தான்.