போட்டோவுக்கு என்ன மாலை

பத்து லாரிக்குச் சொந்தக்காரன் நான், படிப்பு ஆறாவதோடு நின்றுவிட்டது. அன்று கார் மக்கர் செய்ததால் திருவிடந்தையில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் டிவி சீரியலில் பார்த்த முகம், பக்கத்தில் மனைவி. அந்த சீரியல் கதையில் அவரைக் கடலில் தள்ளிவிட்டார்கள். உடல் கிடைக்கவில்லை.

"நேத்து என் போட்டோவுக்கு மாலை போட்டாங்களா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"போட்டாங்க மாமா."

"பூ மாலையா?"

"சந்தன மாலை."

அவர் வெளியே பார்த்தார். "பூவா இருந்தா ஒருநாள் சீன்தான், நடிக்கத் திரும்பக் கூப்புடுவாங்க. சந்தன மாலைன்னா போட்டோ அங்கயேதான் தொங்கும்."

"இப்ப இன்னா பண்றது?"

"கோவளத்துல எறங்கலாம். கூப்புடுவாங்கன்னுதான் இந்தத் தாடிய எடுக்காம வச்சிகினு கீறேன். அங்க சலூன் தொறந்திருக்கும்."