சாமியோடு சண்டை

எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி போகும் பஸ்ஸில் மத்தியான வெயிலுக்குப் பாதித் தூக்கத்தில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு மெல்ல மிதந்து போய்க்கொண்டிருந்தது. முன் சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

“சாமியோட சண்டை போடுறத நேத்தோட விட்டுட்டேன் மதினி.”

“என்னட்டி சொல்லுத? ஒம் வீட்டுக்காரருக்குப் பேச்சு வந்துட்டா?”

“இல்ல. வாதம் வந்து விழுந்ததுலருந்து ஒரு வார்த்தை பேசல. நானும் தெனமும் கோயிலுக்குப் போயி சாமிய ஏசிட்டுத்தான் வருவேன்.”

“பொறவு?”

“நேத்து அவியளுக்குச் சோறு ஊட்டும்போது அழுகை வந்துட்டு. அடக்க முடியல. அவிய தலைமாட்டுல இருந்த திருநீத்த, வெளங்குத அந்த ஒரு கையால எடுத்து எந் நெத்தியில பூசிவிட்டாவ. பாதித் திருநீறு எங் கண்ணுலயே விழுந்துட்டு. நோவுல கெடக்க அவியளே சாமிய நம்பிக்கிட்டு இருக்காவ. எனக்கென்ன சண்டை?”

மதினி, “இப்பம் எங்க போற?” என்று கேட்டாள்.

“கோயிலுக்குத்தான். இன்னைக்கு ஒண்ணும் கேக்கப் போறதில்ல. சும்மா கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரணும்.”