பென்சில் வட்டம்

மாணவர்களின் தாளில் நான் சிவப்பு மையைத் தொட்டதே இல்லை. பென்சிலால்தான் திருத்துவேன், அதுவும் மெல்லிசாக. பிள்ளைகள் முகம் சுண்டிப் போனால் எனக்குத் தாங்காது. துறையில் என்னைப் பற்றி ஆயிரம் பேசுவார்கள், ஆனால் இதை மட்டும் யாரும் மறுக்க மாட்டார்கள்.

செத்துப்போன பெண்ணுக்கும் பென்சிலால்தான் வட்டம் போட்டேன்.

அவள் என்னிடம் ஆராய்ச்சிக்கு வந்தவள். எங்கள் பாடம் மோனாய்டுகளின் கோஹோமாலஜி. பேரைக் கேட்டதும் ஓட வேண்டாம், விஷயம் சின்னதுதான். மோனாய்டு என்பது பெருக்க மட்டும் தெரிந்த உலகம். அங்கே பெருக்கியதைப் பிரித்து எடுக்க முடியும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. கோஹோமாலஜி ஓர் அளவுகருவி. துண்டு துண்டாகப் பொருந்துகிறவை மொத்தமாகச் சேரும்போது எங்கே இடிக்கின்றன என்று அது காட்டும். மோனாய்டுக்குள் ஒரு பூஜ்ஜியம் இருந்துவிட்டால் பழைய கருவி கையை விரித்துவிடும், அளக்க எதுவும் மிஞ்சாது. மோனாய்டுகளில் இன்னொரு பெரிய குடும்பத்துக்கும் அதே கதிதான், அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று நான் இளவயதில் நிறுவினேன். என் பெயர் அந்தத் தேற்றத்தால்தான் நிற்கிறது. இந்த அறை, இந்த நாற்காலி எல்லாமே அது கொடுத்ததுதான்.

முதல் வருஷக் கருத்தரங்கில் அவள் கரும்பலகை முன் ஒரு தவறு செய்தாள். பள்ளிக்கூடப் பழக்கத்தில், சமன்பாட்டின் இரண்டு பக்கத்திலும் இருந்த ஒரே உறுப்பை கேன்சல் பண்ணிவிட்டாள். எங்கள் உலகில் அது கூடாது. பூஜ்ஜியத்தால் ஐந்தைப் பெருக்கினாலும் ஏழைப் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான், அதற்காக ஐந்தும் ஏழும் ஒன்றாகிவிடுமா? வேறு வகைக் கணக்கிலிருந்து வருகிற எல்லோரும் வழுக்கும் இடம் அது. ஆனாலும் அன்றிலிருந்து துறையில் அவளுக்கு 'கேன்சல்' என்றே பெயர். "கேன்சல் வந்தாச்சா?" என்று கேன்டீனில் கூப்பிடுவார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். காது மட்டும் சிவந்துவிடும்.

போன கோடையில் அவள் புதிய கருவி ஒன்றைச் செய்து கொண்டுவந்தாள். நான் ஒன்றுமில்லை என்று சொன்ன இடத்தில் அது ஏகப்பட்டதைக் காட்டியது. என் தேற்றம் பொய்யாகவில்லை. குருடன் இருட்டு என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஒரே மூச்சில் படித்தேன். வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன். ஆனால் அது பொறாமை இல்லை. இத்தனை அழகான வேலையில் ஓட்டை இருந்துவிடக் கூடாதே என்ற பதைப்பு.

நடுவில் ஒரு வரியில் அவள் கேன்சல் பண்ணியிருந்தாள். அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டு, "மறுபடியுமா?" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தாள்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்பது எனக்குத் தெரியும். தள்ளிப் போடாமல் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். இதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரியில் படுப்பேன் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள், அரைகுறையாக விட்டுவிட்டு மயக்க ஊசி போட்டுக்கொள்ளப் பயம். நான் வற்புறுத்தவில்லை. வளர்ந்த பெண், அவள் உடம்பு, அவள் முடிவு.

கேன்சல் பண்ணாமல் அந்த இடத்தைத் தாண்ட அவள் சுற்றுவழி தேடினாள். ஒவ்வொரு முறையும் புதுசாக எழுதிக்கொண்டு வருவாள், நான் ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்தில் வட்டம் போடுவேன். என் அறை மூன்றாம் மாடியில். லிஃப்ட் பழுது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மேலே வருவாள். கீழே நூலகத்தில் சந்தித்திருக்கலாம்தான். புத்தகங்கள் எல்லாம் என் அறையில் இருந்தன.

ஒருநாள் அவள் பழைய தாளையே திரும்ப எடுத்து வந்தாள். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது.

"மேடம், இந்த ஒரு உறுப்புக்கு எதிருறுப்பு இருக்கே, பெருக்கினதைத் திருப்பிப் பிரிச்சு எடுத்துடலாமே. ரெண்டு பக்கம் முன்னாடியே நிரூபிச்சிருக்கேன். அப்போ கேன்சல் பண்ணலாம்தானே?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "அன்னிக்குக் கருத்தரங்குலயும் இப்படித்தாம்மா சொன்ன."

அன்று அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த நாளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவாள். "சாரி மேடம்," என்று தாளை மடித்துக்கொண்டாள்.

கடைசித் தடவை அவள் வந்தது மதியத்தில். காலடிச் சத்தம் இரண்டாம் மாடியில் நின்றது. வழக்கம்தானே என்று விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். சத்தம் மறுபடி எழவில்லை. எட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது, திருத்த இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது, முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடித்தேன். பெருக்குகிற அம்மாதான் அவளைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

அவளுடைய அண்ணன் நேற்று வந்திருந்தான். டயர் கடை வைத்திருக்கிறானாம், நகக்கண்ணில் கறுப்பு. அவள் மேஜையைக் காலி செய்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தான். தாள்கட்டை நீட்டினான். இதில் ஒன்றும் புரியவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான். பிறகு கேட்டான்.

"அவ போட்டது சரியா வந்துச்சா மேடம்?"

அந்தப் பையனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. சரி என்று சொன்னால், பிறகு எதற்காக மாடி ஏறினாள் என்று கேட்பான். அவனுக்கு அந்தப் பாரம் எதற்கு?

"இல்லப்பா. தப்புதான்."

தலையை ஆட்டிக்கொண்டான். "வீட்ல எல்லாரும் அவ கெட்டிக்காரின்னு நெனச்சிட்டு இருந்தோம்," என்றான். எழுந்து படியிறங்கிப் போனான்.

அந்தக் கட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. இப்படிப்பட்ட வேலை அநாதையாகக் கிடக்கக் கூடாது, நானே என் பெயரில் எழுதி அனுப்பப் போகிறேன். நன்றியுரையில் அவளைக் குறிப்பிடுவேன். முதன்முதலாகப் போட்ட வட்டத்தை ரப்பரால் தேய்த்ததும் போய்விட்டது, பென்சிலின் சௌகரியம் அது. வட்டத்துக்குள் இருந்த வரி சரியான வரி. வட்டம் போட்ட அன்றே எனக்குத் தெரியும், அந்த எதிருறுப்பை இரண்டு பக்கம் முன்னாலேயே பார்த்துவிட்டுத்தான் போட்டேன். அவள் எழுதியதை இந்த உலகத்தில் ஒரு வரி விடாமல் படித்தவள் நான் ஒருத்திதான். பிடிக்காத பெண்ணுக்காக யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா?