இன்னும் இரண்டு போல்ட்

எனக்கு அசுத்தம் ஆகாது, ஐயா. யாராவது மேசைமேல் தேநீர்க் குவளையை வைத்து எடுத்தால், அந்த ஈர வட்டத்தைத் துடைத்த பிறகுதான் எனக்கு அடுத்த வேலை ஓடும். "மரப்பட்டறை நடத்தறவளுக்கு இந்தக் குணம் எப்படிடி ஒத்துவரும்?" என்று என் சிநேகிதிகள்கூடக் கேலி செய்வார்கள்.

என் தங்கை கணவர்தான் ரம்ப மெஷினில் நின்றார். நல்ல கை. வேகம்தான் கிடையாது. பட்டறையில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர்.

"நிதானம் சுவிட்சைப் போடறதுக்குள்ள மரம் துளிர் விட்டுடும்பா."

காரணம் அந்த மூடி. சுழலும் ரம்பத்தின்மேல் மாட்டும் இரும்பு மூடி. அதைப் போட்டால் அறுக்கிற கோடு தெரியாது, தூள் அடைக்கும். மற்றவர்கள் சோதனைக்கு ஆள் வரும் அன்று மட்டும் மாட்டுவார்கள். இவர் தினமும் மாட்டுவார்.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருநூறு நாற்காலிகள், பன்னிரண்டு நாள் கெடு. மூடியோடு ஒரு நாளைக்கு நாற்பது நாற்காலிக் கால் அறுக்கலாம், இல்லாமல் எழுபத்தைந்து. முதல் நாள் விடிந்ததும் நானே அதைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி, என் மேசைக்கடியில் வைத்தேன். உட்கார்ந்தால் கால் வைக்க வாகாக இருந்தது.

"அக்கா, மூடி வந்துடுச்சா?"

"ரிப்பேர்ல இருக்கு மாப்பிள்ளை. நாளைக்கு வந்துடும்."

தினமும் கேட்டார். தினமும் சொன்னேன்.

பதினோராம் நாள் மதியம். கடைசி அடுக்கு. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மரத்தில் ஒரு கணு, கட்டை எகிறியது, கை மணிக்கட்டுவரை ரம்பத்தில் போனது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது அருவருப்பு. மரத்தூள் பிசைந்த மாவு மாதிரி உருண்டு கிடந்தது. அதில் இரண்டு விரல்கள், நகத்தில் காய்ந்த பசையோடு. அறுத்து அடுக்கிய கால்களிலும் ரத்தம் தெறித்திருந்தது.

"அக்கா, வண்டி கூப்பிடுங்க..."

நான் மெஷினை நிறுத்திவிட்டு மேசைக்கடியிலிருந்து மூடியை எடுத்தேன். சட்டையால் மணிக்கட்டை அழுத்திக்கொண்டு அவர் பார்த்தார்.

"இங்கயா இருந்துச்சு?"

"இருங்க மாப்பிள்ளை. இன்னும் ரெண்டு போல்ட்."

இருந்தார். நிதானம் அல்லவா.

பிறகுதான் வண்டியைக் கூப்பிட்டேன். வழியிலேயே உயிர் போய்விட்டது. மூடிக்குள் அவரே கையை விட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். தங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் விசாரணைக்கு வந்த நீங்கள் டார்ச் அடித்துப் பார்த்தீர்கள். "ரம்பத்துல ரத்தம் இருக்கு, சுவத்துல இருக்கு. மூடிக்குள்ள மட்டும் எப்படிம்மா ரத்தமும் இல்ல, மரத்தூளும் இல்ல?" என்று கேட்டீர்கள். பதினோரு நாள் என் காலடியில் கிடந்த பொருள், ஐயா. துடைக்காமல் மாட்ட எனக்கு மனம் வருமா?

எழுதிக்கொள்ளுங்கள். கழற்றியது நான். ஒளித்தது நான். அவர் கண்ணெதிரில் மாட்டியதும் நான். இதையும் சேர்த்து எழுதுங்கள்: நாற்காலிகள் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தன. கறைபட்ட கால்களை நானே உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தேன். குழந்தைகள் உட்காருகிற நாற்காலி, அசுத்தமாக இருக்கலாமா?